இன்சுலின் பேராசிரியர் தீட்டிய பனியும் கடலும்

வாசகர் கேள்வி, 8 நவம்பர்

இன்சுலினைக் கண்டுபிடித்த ஃபிரெடெரிக் பேண்டிங், விடுமுறைக் காலங்களில் நிலக்காட்சிகளும் கடற்காட்சிகளும் தீட்டினார் என்பதை அண்மையில்தான் அறிந்தேன். 2018-இல் அவருடைய சிறிய படம் ஒன்று டொரொண்டோ ஏலத்தில் மூன்று லட்சம் கனடிய டாலருக்கும் மேல் விலைபோயிருக்கிறது. அந்த விலை இன்சுலினுக்குக் கிடைத்ததே தவிர ஓவியத்துக்குக் கிடைத்ததில்லை என்பது என் கருத்து. நோபல் பரிசு பெற்ற பேராசிரியர் என்ற பெயரை எடுத்துவிட்டால் அந்தப் படங்களில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ஓய்வுக்காகத் தீட்டியவரை ஓவியர் என்று அழைப்பது மிகை அல்லவா?

9 நவம்பர்

விலையைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கமாட்டேன். 313,250 கனடிய டாலருக்கு விற்ற அந்தப் படம், 1925-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவர் தம் ஆய்வுக்கூடத்தின் உட்புறத்தைப் பார்த்துத் தீட்டியது. இன்சுலின் பிறந்த இடம் என்பதற்காகவே பலர் அதை வாங்கப் போட்டியிட்டார்கள். ஏலத்துக்கு முன் மதிப்பிட்ட தொகையை அது பல மடங்கு தாண்டியது. ஆனால் அந்த ஒரு படத்தைக் கொண்டு மற்றவற்றை எடைபோட முடியாது. கூரைக்குக் கீழிருந்து அவர் தீட்டியது அரிது. அவருடைய படங்களில் பெரும்பாலானவை ஆற்றங்கரையிலும் பனிமேட்டிலும் நின்று, மடியில் வைத்துக்கொள்ளும் அளவிலான மரப்பலகைகளில் தீட்டிய எண்ணெய் வண்ணப் படங்கள்.

ஓய்வுக்காகத் தீட்டினார் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. அவர் தூரிகையைக் கையில் எடுத்தது புகழுக்கு முன்பே நடந்த செய்தி. 1920 ஜூலையில் ஒண்டாரியோ மாகாணத்தின் லண்டன் நகரில் மருத்துவத் தொழிலைத் தொடங்கியபோது அவரைத் தேடி நோயாளிகள் வரவில்லை. முதல் மாத வருமானம் 4 டாலர். காத்திருந்த நேரத்தில் வண்ணங்களை வாங்கி, இதழ்களில் வந்த படங்களைப் பார்த்துத் தீட்டிப் பழகினார். கணையத்தின் நாளத்தைக் கட்டி அதன் உட்சுரப்பைப் பிரித்தெடுக்கலாம் என்ற யோசனையை, அதே ஆண்டு அக்டோபர் 31 அதிகாலை இரண்டு மணிக்கு அவர் குறித்துவைத்ததும் அதே வீட்டில்தான்.

அதன் பிறகு நடந்தவை எல்லோரும் அறிந்தவை. 1921 கோடையில் உதவியாளராக இருந்த மாணவர் சார்லஸ் பெஸ்ட்டுடன் நாய்களில் ஆய்வு, 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி, 1923-இல் அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஜான் மெக்லியோடுடன் பகிர்ந்த நோபல் பரிசு. அப்போது பேண்டிங்குக்கு வயது 32. மருத்துவப் பிரிவில் அவரைவிட இளையவர் எவரும் இன்றுவரை அதைப் பெறவில்லை. கனடிய நாடாளுமன்றம் ஆண்டுக்கு 7,500 டாலர் வாழ்நாள் உதவித்தொகை வழங்கியது. டொரொண்டோ பல்கலைக்கழகம் அவருக்காகவே மருத்துவ ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியை உருவாக்கியது.

நான் எண்ணி எண்ணிப் பார்ப்பது இந்தக் கட்டத்தைத்தான். அவர் அடிப்படையில் போர்க்களத்தில் பணியாற்றிய அறுவை மருத்துவர். ஆராய்ச்சியில் முறையான பயிற்சி பெற்றவர் அல்லர். பேராசிரியர் பதவி கிடைத்த நாள் முதல், அடுத்த கண்டுபிடிப்பு எப்போது வரும் என்று நாடே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. புற்றுநோயை ஆராய்ந்தார், சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலைப் பாதிக்கும் சிலிகோசிஸ் நோயை ஆராய்ந்தார். இன்சுலினுக்கு இணையானது வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டிய கட்டாயத்தில் இருந்த அந்த மனிதர், ஒன்றும் தெரியாத மாணவராக இருக்க முடிந்த இடம் ஓவியம் மட்டுமே. ஆகவே அதை ஓய்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படிப்பு என்றே சொல்வேன்.

9 நவம்பர், இரவு

இன்னொரு வாசகர் பேண்டிங்கை, கனடிய நிலக்காட்சி ஓவியர்களின் எழுவர் குழுவின் உறுப்பினர் என்று எழுதியிருக்கிறார். அவர் அதில் உறுப்பினராக இருந்ததில்லை. 1920-இல் தொடங்கிய அந்தக் குழுவின் நிறுவன உறுப்பினர்களில் ஒருவரான ஏ. ஒய். ஜாக்சன் அவருக்கு நெருங்கிய நண்பரும் ஆசானும் ஆனார், உறவு அவ்வளவே. டொரொண்டோவின் எல்ம் தெருவில் உள்ள கலை இலக்கியச் சங்கத்தின் வட்டத்தில் இருவரும் பழகினார்கள். ஜாக்சன் ஒன்பது வயது மூத்தவர். இருவரும் முதல் உலகப் போரில் காயம்பட்டவர்கள்: ஜாக்சன் 1916-இல் பெல்ஜியத்தில், பேண்டிங் 1918 செப்டம்பரில் பிரான்சின் காம்ப்ரே அருகே. சேற்றையும் குளிரையும் ஒன்றாகப் பொறுத்துக்கொள்ளும் பழக்கம் அந்த நட்புக்கு அடித்தளமாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

11 நவம்பர்

கேள்வி கேட்ட நண்பர் விடவில்லை. "படிப்பு என்றால் எந்தப் பள்ளியில், எந்தப் பாடம்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி.

1927 மார்ச்சில் ஜாக்சன் அவரை கியூபெக் மாகாணத்தின் சான்-ஜான்-போர்-ஜொலி என்ற ஊருக்கு அழைத்துச் சென்றார். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள ஊர் அது. அங்கே ஆறு கடலைப் போல அகன்று, கடல் ஓதத்தின் ஏற்ற இறக்கங்களோடு நகரும்; மறுகரை மலைகள் நீலக் கோடாகத் தெரியும்; மார்ச்சில் பனிக்கட்டிப் பாளங்கள் நீரோட்டத்தில் மேலும் கீழும் போய்வரும். பனிக்காலம் முடியும் தறுவாயில் ஆண்டுதோறும் இந்தக் கரைகளுக்கு வந்துவிடும் ஜாக்சனுக்கு அப்பகுதி மக்கள் வைத்த பட்டப்பெயரின் பொருள் 'பனிச்செருப்பு அப்பா'. அந்த முதல் பயணத்தில், வீசும் பனித்தூள் வண்ணப்பெட்டிக்குள் புகுந்துவிட, விரல்கள் விறைத்த நிலையில், இதை மென்மையானவர்களின் விளையாட்டு என்றல்லவா நினைத்திருந்தேன் என்று பேண்டிங் சொன்னதை ஜாக்சன் பின்னாளில் பதிவுசெய்தார். எனக்கு மிகவும் பிடித்த செய்தி அது.

அந்தப் பள்ளியின் கடுமை எனக்கும் சிறிது தெரியும். டொரொண்டோவின் ஸ்கார்பரோவில் குடியேறிய பிறகு எண்ணெய் வண்ணம் பழகிய நான், ஒரு மார்ச் மாதத்தில் கியூபெக்கின் சார்ல்வா பகுதிக்குப் போய் வெளியில் நின்று தீட்டிப் பார்த்தேன். நீர்வண்ணம் அங்கே பயனற்றது, தூரிகையிலேயே உறைந்துவிடும். எண்ணெய் வண்ணம் உறையாது, ஆனால் குளிரில் இறுகிக் குழைய மறுக்கும்; மென்மையான இழைப்புகளுக்கு இடமே இல்லை, வைத்த வண்ணத்தை வைத்தபடி விட்டுவிட வேண்டும். கையுறையைக் கழற்றினால் சில நிமிடங்களில் விரல் நுனியில் உணர்வு போய்விடும். இவற்றை எல்லாம்விடக் கடினமானது வெளிச்சம். பனிப்பரப்பிலிருந்து எழும் ஒளியில் பலகை மிகப் பிரகாசமாகத் தெரிவதால், நம்மை அறியாமலேயே வண்ணங்களை அடர்த்தியாகக் கலந்துவிடுகிறோம். அறைக்குள் கொண்டுவந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கிறது. இந்த ஒன்றைச் சரிசெய்யக் கற்றுக்கொள்ளவே பல குளிர்காலங்கள் தேவை.

பேண்டிங்கின் கியூபெக் படங்களில் பனியின் நிழல்கள் தெளிந்த நீலமாகவும் ஊதாவாகவும் இருக்கின்றன, வெயில் பட்ட பகுதிகளில் இளமஞ்சளும் இளஞ்சிவப்பும் தெரிகின்றன. வெள்ளையை வெள்ளையாகத் தீட்டக் கூடாது என்பதைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டவருடைய வேலை அது. சும்மா பொழுதைப் போக்க வந்தவர் அந்தக் குளிரில் இரண்டாம் நாளே விடுதிக்குள் போய்க் கணப்பருகே உட்கார்ந்திருப்பார். பேண்டிங் அடுத்தடுத்த ஆண்டுகளில் திரும்பத் திரும்ப அங்கே போனார். வடகரையில் சான்-தீத்-தெ-காப் போன்ற ஊர்களிலும் தீட்டினார்.

12 நவம்பர்

ஒரு சேர்க்கை. இந்தப் பயணங்களில் அவர் தம் நடுப்பெயரை வைத்து 'ஃபிரெடெரிக் கிராண்ட்' என்று சொல்லிக்கொண்டதுண்டு. பேண்டிங் என்ற பெயர் வெளிப்பட்டால் ஊரில் உள்ள நீரிழிவு நோயாளிகளும் செய்தியாளர்களும் வந்துவிடுவார்கள். பெயரை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேள்வி கேட்ட நண்பர் கேட்டார்; அந்தச் சோதனையை அவரே தமக்கு வைத்துப் பார்த்திருக்கிறார்.

14 நவம்பர்

இன்று அவருடைய பிறந்தநாள். 1891-இல் ஒண்டாரியோவின் ஆலிஸ்டன் அருகே ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். உலக நீரிழிவு நாளாக இந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான். என் தாயார் பல ஆண்டுகள் காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொண்டு வாழ்ந்தவர். காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தவர்களின் பெயர்களை வீட்டில் நாங்கள் மரியாதையோடு சொல்வோம். அந்த நன்றியுணர்வு என் கண்ணை மறைக்கக் கூடாது என்பதற்காகவே அவருடைய படங்களைப் பார்க்கும்போது கூடுதலாகக் கறாராக இருக்க முயல்கிறேன்.

கடற்காட்சிகளைப் பற்றி இதுவரை எழுதவில்லை. இந்த இழையின் தொடக்கத்தில் கேட்டது கடலைப் பற்றியும்தான்; நான் மார்ச் மாதத்துப் பனியிலேயே நின்றுவிட்டேன். அவருடைய மிகப் பெரிய கோடைப் பயணம் அதே 1927-இல் நடந்தது. வடகோடிக் காவல் நிலையங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பொருள்கள் ஏற்றிச் செல்லும் 'பியோதிக்' என்ற அரசுப் பணிக் கப்பலில் ஜாக்சனும் அவரும் ஜூலையில் நோவா ஸ்கோஷியாவின் நார்த் சிட்னி துறைமுகத்திலிருந்து புறப்பட்டார்கள். கிரீன்லாந்தைத் தொட்டு, எல்ஸ்மியர் தீவில் ஏறத்தாழ 79 பாகை வட அட்சத்தில் இருந்த பாச் தீபகற்பக் காவல் நிலையம் வரை போய், பாண்ட் இன்லெட், பங்நிர்டுங் போன்ற குடியிருப்புகள் வழியாகத் திரும்பினார்கள்.

அந்த அட்சத்தில் கோடையில் சூரியன் மறைவதில்லை. ஓவியருக்கு இது வரமும் தண்டனையும். வெளிச்சம் போய்விடுமே என்ற பதற்றம் இல்லை. ஆனால் எப்போது நிறுத்துவது என்ற எல்லையும் இல்லை. நிழல் நாள் முழுவதும் நீண்டே கிடக்கிறது. மலைச்சரிவுகளில் கோடையில் பனி உருகி, துருவின் நிறமும் காவி நிறமுமான வெற்றுப் பாறை வெளிப்படுகிறது. கடல் மட்டும் பாளம் பாளமாகப் பனிக்கட்டியைச் சுமந்துகொண்டு நகர்கிறது. கப்பல் நகரும்போது கரை நகர்கிறது. கப்பல் நின்றால் பனிப்பாளம் நகர்கிறது. வரைந்த கோட்டுக்கு மறுகோடு போடுவதற்குள் காட்சி வேறாகிவிடும். ஆகவேதான் ஜாக்சன் இத்தகைய இடங்களில் பென்சிலால் விரைந்து வரைந்து, ஒவ்வொரு பகுதியின் மீதும் நிறக் குறிப்புகளை எழுதிக்கொண்டு, பெரிய படத்தை ஊர் திரும்பிய பின் தீட்டினார். பாச் நிலையத்தருகே நிற்கும் அதே கப்பலை அவர் தீட்டிய படம் இப்போது ஒட்டாவா தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

நகரும் தளத்தில் நின்று தீட்டுவது எப்படியிருக்கும் என்று அறிய, செயின்ட் லாரன்ஸ் ஆற்றைக் கடந்து ரிவியேர்-து-லூவிலிருந்து சான்-சிமெயோனுக்குச் செல்லும் படகில் கோடையில் நான் வண்ணப்பெட்டியைத் திறந்திருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான அந்தக் கடப்பில் எனக்குக் கிடைத்தது ஒரு தொடுவானமும் இரண்டு மேகங்களும் மட்டுமே. அலையைத் தீட்ட முயன்றால் கை அலைகிறது. அதன் பின்னர் பேண்டிங்கின் ஆர்க்டிக் பலகைகளைப் பார்த்தபோது, கடலை அவர் இரண்டு மூன்று பட்டையான கீற்றுகளில் முடித்துவிட்டு, பனிக்கட்டியின் உருவத்துக்கே முழுக் கவனத்தையும் கொடுத்திருப்பது புரிந்தது. எதை விட்டுவிட வேண்டும் என்று தெரிந்திருப்பது கற்றுக்குட்டியின் அடையாளம் அல்ல.

15 நவம்பர்

அந்தப் பயணத்தை ஒட்டி நடந்த வேறொரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விடக் கூடாது. ஓவியத்தை விட்டு விலகுவதாகத் தோன்றினாலும் விலகவில்லை. திரும்பி வந்தபோது டொரொண்டோ ஸ்டார் செய்தியாளரிடம், ஹட்சன்ஸ் பே கம்பெனி என்ற வணிக நிறுவனம் ஆர்க்டிக்கின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களிடமிருந்து நரித்தோல்களை வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாகக் கொடுப்பது மிகவும் குறைவு என்றும், மாவும் தேநீரும் புகையிலையும் அவர்களுடைய பழைய இறைச்சி உணவின் இடத்தைப் பிடித்து உடல்நலத்தைக் கெடுக்கின்றன என்றும் பேண்டிங் பேசினார். செய்தி வெளியானதும் பெரும் சலசலப்பு எழுந்தது. அரசின் இசைவோடு சென்றவர் என்பதால் பொறுப்பான அரசுத் துறைக்கு அவர் விளக்கம் அளிக்கவும் நேர்ந்தது.

பனியையும் மலையையும் பார்க்கப் போனவர் அங்கே வாழும் மனிதர்களின் தட்டில் என்ன இருக்கிறது என்றும் பார்த்திருக்கிறார். இது என்னை மிகவும் கவர்கிறது. ஆனால் இந்தப் பார்வை அவருடைய படங்களுக்குள் பெரிதாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய நிலக்காட்சிகளில் மனிதர்கள் குறைவு. வீடுகள் இருக்கின்றன, வேலிகளும் பனிச்சறுக்கு வண்டித் தடங்களும் இருக்கின்றன, முகங்கள் இல்லை. மருத்துவர் பேசியதை ஓவியர் தீட்டவில்லை. இது ஜாக்சனிடமிருந்து வந்த வழக்கமாகவும் இருக்கலாம்.

17 நவம்பர்

இப்போது கடினமான கேள்விக்கு வருகிறேன். "பேண்டிங்கின் படங்கள் ஜாக்சனின் நகல்கள்தானே?" என்று இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார்.

நகல் அல்ல, ஆனால் சாயல் மிக வலுவானது. பனி மூடிய நிலம் மெத்தென்று ஏறி இறங்கும் வளைவு, சாய்ந்த மரக்கொட்டகைகள், படத்தின் கீழ்மூலையிலிருந்து உள்ளே இழுத்துச்செல்லும் பாதை ஆகியவை எல்லாம் ஜாக்சனுடைய மொழி. இருவரும் பயன்படுத்திய பலகையின் அளவுகூட ஏறத்தாழ ஒன்றுதான்: எட்டரை அங்குல உயரம், பத்தரை அங்குல அகலம், வண்ணப்பெட்டியின் மூடிக்குள் செருகி எடுத்துச்செல்லும் வசதிக்கானது. ஒரே இடத்தில் அருகருகே அமர்ந்து தீட்டியவற்றைக் கையொப்பத்தை மறைத்துக் காட்டினால் பலரால் பிரித்துச் சொல்ல முடியாது.

நான் பார்த்த அளவில் இருவருக்கும் உள்ள வேறுபாடு இது. ஜாக்சனின் கோடு நிலத்தின் தாளத்தைப் பிடித்து ஓடுகிறது; மலையும் மேகமும் வேலியும் ஒரே ஓட்டத்தில் அசைகின்றன. பேண்டிங்கின் படங்களில் பொருள்கள் தனித்தனியாக நிற்கின்றன. பாறை பாறையாக, கொட்டகை கொட்டகையாக, ஒவ்வொன்றும் அழுத்தமான விளிம்போடு, சரிபார்த்துவைத்ததுபோல் இருக்கிறது. இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. சில படங்களில் அது குறையேதான், காட்சி இறுகிப்போகிறது. ஆனால் ஆர்க்டிக் பனிக்கட்டிகளுக்கு அந்த அழுத்தமான விளிம்பு மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. பனிக்கட்டிக்கு உண்மையிலேயே விளிம்பு உண்டு, பனிமேட்டுக்கு இல்லை. அவருடைய கியூபெக் படங்களைவிட ஆர்க்டிக் படங்களை நான் உயர்வாகக் கருதுவதற்குக் காரணம் இதுதான்.

9-ஆம் தேதி எழுதியதோடு இதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். மாணவராக இருக்க முடிந்த இடம் என்று சொன்னேன். அதன் மறுபக்கம், ஆசானின் நிழலிலிருந்து வெளியே வர அவர் பெரிதாக முயலவில்லை என்பது. ஆராய்ச்சியில் எவருடைய வழிகாட்டுதலையும் எளிதில் ஏற்காதவர், மெக்லியோடோடு கடைசிவரை கசந்து நின்றவர், ஜாக்சன் சொன்னதை மட்டும் எதிர்ப்பின்றி ஏற்றுக்கொண்டார். தம் நோபல் பரிசுத் தொகையில் பாதியை அவர் பெஸ்ட்டுக்குக் கொடுத்த நிகழ்ச்சியிலும் மெக்லியோட் மீதான அந்தச் சினம் கலந்திருந்தது. பரிசும் உரிமையும் போட்டியும் இல்லாத ஒரு துறையில் அவர் சாந்தமாகப் பாடம் கேட்டார் என்பதை நான் அவருடைய வாழ்க்கையின் நல்ல பகுதியாகக் காண்கிறேன்.

20 நவம்பர்

மற்றக் கோடைகளைப் பற்றிச் சுருக்கமாக. 1928-இல் இருவரும் வடமேற்குப் பிரதேசங்களின் கிரேட் ஸ்லேவ் ஏரிக்குப் போனார்கள். கொசுவும் கருஈயும் மொய்க்கும் அந்தக் கோடையில் வண்ணத்தில் பூச்சிகள் ஒட்டிக்கொள்ளும். அசையாமல் உட்கார்ந்திருப்பதே பெரும்பாடு. பின்னர் ஜார்ஜியன் விரிகுடாப் பகுதியிலும் தீட்டினார். இளஞ்சிவப்புக் கருங்கல் பாறைகளும் காற்றில் வளைந்த பைன் மரங்களும் உள்ள அந்தக் கரையை எழுவர் குழுவினர் பலரும் தீட்டித் தீர்த்துவிட்டதால், புதிதாகச் சொல்ல அவருக்கு அங்கே அதிகம் இருக்கவில்லை.

24 நவம்பர்

"நீண்ட நாள் வாழ்ந்திருந்தால் முழுநேர ஓவியர் ஆகியிருப்பாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஐம்பது வயதில் பதவியை விட்டுவிட்டு ஓவியத்திலேயே இறங்கப்போவதாக அவர் நண்பர்களிடம் சொல்லி வந்தார். ஆனால் 1939-இல் போர் வந்ததும் மீண்டும் சீருடை அணிந்தார். விமான ஓட்டிகளின் உடல்நலம் குறித்த ஆராய்ச்சிகளை ஒருங்கிணைத்தார். வேகத் திருப்பங்களில் விமானி மயங்காமல் காக்கும் உடையை வில்பர் ஃபிராங்க்ஸ் உருவாக்கியது அந்த முயற்சிகளின் ஆதரவில்தான். 1941 பிப்ரவரி 20 இரவு நியூஃபவுண்ட்லாந்தின் கேண்டரிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட ஹட்சன் விமானம் எந்திரக் கோளாற்றால் மஸ்கிரேவ் ஹார்பர் அருகே விழுந்தது. விமானி மட்டும் பிழைத்தார். காயங்களோடு கிடந்த பேண்டிங் மறுநாள் இறந்தார், வயது 49.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை: அவர் விலகியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். பணி அழைக்கும்போதெல்லாம் வண்ணப்பெட்டியை மூடியவர் அவர். போர் முடிந்த பின் வேறொன்று அழைத்திருக்கும். அதனால் அவருடைய ஓவிய ஆர்வம் ஆழமற்றது என்று ஆகிவிடாது. சம்பளத்துக்கு ஒரு வேலை செய்துகொண்டு மீதி நேரத்தில் இன்னொன்றில் தேர்ச்சி பெற முயல்கிறவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். முழுநேரமும் அதற்கே கொடுக்கவில்லை என்பதற்காக எங்கள் முயற்சியை விளையாட்டு என்று சொன்னால் எனக்கு உள்ளபடியே வருத்தமாக இருக்கும்.

27 நவம்பர்

படங்களை நேரில் எங்கே பார்க்கலாம் என்று கேட்ட மூவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். லண்டன் நகரின் அடிலெய்ட் தெருவில் அவர் தொழில் தொடங்கிய வீடு இப்போது அருங்காட்சியகம். டொரொண்டோவிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். அவருடைய ஓவியங்கள் சிலவும் அங்கே இருக்கின்றன. கடிதங்களும் குறிப்பேடுகளும் டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஃபிஷர் நூலகத்தில் உள்ளன. ஜாக்சனின் படங்களுக்கு கிளைன்பர்க்கில் உள்ள மக்மைக்கேல் கலைக்கூடம் போங்கள். அவருடைய கல்லறையும் அந்த வளாகத்திலேயே இருக்கிறது. இயன்றால் முதலில் கிளைன்பர்க், பிறகு லண்டன் என்ற வரிசையில் பாருங்கள். ஜாக்சனின் வளைவுகள் கண்ணில் பதிந்த பிறகு பேண்டிங்கைப் பார்த்தால், அவர் எங்கே ஆசானைப் பின்பற்றினார், எங்கே தம் கண்ணை நம்பினார் என்பது விரைவில் பிடிபடும். கணினித் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எண்ணெய் வண்ணத்தின் தடிப்பும் மரப்பலகையின் நிறம் இடையிடையே வெளிப்படுவதும் புகைப்படத்தில் தெரிவதில்லை, பனியின் இளமஞ்சள் வெறும் வெள்ளையாகிவிடுகிறது.